ஒரு மில்லிமீட்டர் ஆழம்

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் இருவர், உடன்பிறந்தவர்கள். சங்கரன்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகைப்பட நிலையம் நடத்தி, 2016-ஆம் ஆண்டில் அதன் கதவை இழுத்து மூடியவர்கள். எங்களுள் மூத்தவருக்கு வயது 71. அவருக்குக் கை நடுங்கும். இளையவருக்கு வயது 65. அவருக்குக் கண்ணில் கோளாறு. ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவதும், எழுதியதை மற்றவர் மறுப்பதுமாக இது உருவாயிற்று. எனவே 'நாங்கள்' என்று எழுதுவது அடக்கத்தின் பொருட்டன்று, வேறு வழியில்லாமையாலேயே.

எங்கள் கேமரா காணாத விழா இவ்வட்டாரத்தில் இல்லை என்றே நினைத்திருந்தோம். திருமணம், காதுகுத்து, புதுநன்மை, சடங்கு, ஆடித்தபசுக் கூட்டம், கடவுச்சீட்டுக்கான முகம் என்று எத்தனையோ ஆயிரம் படங்கள். ஆளுக்கொரு கைபேசி வந்தபின் எங்களிடம் வருவோர் குறைந்தனர். அதில் எவர்மீதும் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் 'தொழில் போய்விட்டது, வித்தை நம்மிடம் இருக்கிறது' என்றொரு இறுமாப்பு உள்ளூர இருந்தது. அதை உடைத்தது ஓர் எறும்பு.

மூடிக் கிடந்த நிலையத்தைக் காலி செய்கையில், எங்கள் தந்தையாரின் பித்தளைக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. அவர் தறி நெய்தவர். அங்குலச் சதுரத் துளையும் அதன்மேல் சிறு லென்சும் கொண்டு, மூன்றாக மடியும் அக்கருவியைத் துணியின்மேல் நிறுத்தி, ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். 'பிக் கிளாஸ்' என்பார்கள். மூத்தவரின் பேத்தி அதை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடினாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, "தாத்தா, எறும்புக்குத் தாடையில பல்லு இருக்கு. ஃபோட்டோ எடுத்துத் தாங்க" என்றாள்.

எடுத்துத் தர முடியவில்லை. வைத்திருந்த 50 மி.மீ. லென்சைக் கொண்டு 45 சென்டிமீட்டருக்கு உள்ளே நெருங்கினால் எதுவும் தெளியாது. அந்தத் தூரத்தில் எறும்பு ஒரு கரும்புள்ளி. முப்பதாண்டு அனுபவமும் அந்த 45 சென்டிமீட்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்ததை அன்றுதான் உணர்ந்தோம்.

துணி விற்பனைக்கும் லென்சுக்கும் உள்ள உறவு பழையது. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632-இல் பிறந்த ஆன்டனி வான் லீவன்ஹூக் ஒரு துணி வணிகர். நூலின் தரம் பார்க்கும் கண்ணாடி அவருக்கும் தொழிற்கருவி. அவர் தம் கையாலேயே சின்னஞ்சிறு லென்சுகளைத் தேய்த்துச் செய்து, குளத்து நீரிலும் தம் பல்லில் படிந்த அழுக்கிலும் எவரும் கண்டிராத உயிர்களைக் கண்டார். 1673 முதல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதங்கள் எழுதினார். அவருடைய கருவியில் லென்சு அசையாது. ஊசிமுனையில் ஒட்டிய பொருளைத் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் தெளிவு காண வேண்டும். இந்தச் செய்தியை முன்பே கவனித்திருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதற்பாடம் லென்சைத் தலைகீழாக்குவது. சாதாரண லென்சைக் கழற்றி, அதன் முகப்பு கேமராவை நோக்கும்படி திருப்பிப் பிடித்தால், அது உருப்பெருக்கி ஆகிவிடும். வளையம் வாங்குமுன் வெறுங்கையாலேயே பிடித்துப் பார்த்தோம். இடுக்கின் வழியே வெளிச்சம் கசிந்து படம் வெளுத்தது. ஆயினும் எறும்பின் கண் தெரிந்தது! மூத்தவர் சிறுபிள்ளைபோல் கத்தினார். பிறகு சில நூறு ரூபாய்க்கு அவ்வளையத்தை வாங்கினோம். லென்சுக்கும் கேமராவுக்கும் இடையே செருகும் வெற்றுக் குழல்களையும் வாங்கினோம். அவற்றுக்குள் கண்ணாடி ஒன்றும் கிடையாது. தூரத்தைக் கூட்டுவதே அவற்றின் வேலை. 50 மி.மீ. லென்சுக்குப் பின்னால் 50 மி.மீ. குழல் வைத்தால், பொருளின் அளவும் அதன் பிம்பத்தின் அளவும் ஒன்றாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் எறும்பு கேமராவுக்குள்ளும் ஒரு சென்டிமீட்டர்.

அத்துடன் எங்கள் பழைய அறிவு முடிந்தது.

ஃபோகஸ் வளையத்தைத் திருகித் தெளிவு காண்பது எங்கள் விரல்களில் ஊறிய பழக்கம். இங்கே அவ்வளையத்தைத் திருகினால் தெளிவு நகர்வதைவிட உருவத்தின் அளவே மாறியது. திருகத் திருக எறும்பு பெருப்பதும் சிறுப்பதுமாய் எங்களைக் கேலி செய்தது. வளையத்தை மறந்துவிட்டு உடலையே முன்னும் பின்னும் அசைத்துத் தெளிவைப் பிடிக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாமல் முழங்கால்தான் கற்றுத்தந்தது. லீவன்ஹூக்கின் திருகாணிக்குப் பதில் எங்கள் இடுப்பு. மூச்சை இழுத்தால் தெளிவு எறும்பின் முதுகுக்குப் போகிறது. விட்டால் மீசைக்கு வருகிறது. பாதி மூச்சில் நிறுத்தி அழுத்த வேண்டும். நூறு படம் எடுத்தால் மூன்று தேறும்.

எவ்வளவு ஆழம் தெளிகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கற்க விரும்பும் எவரும் முதல்நாளே செய்யலாம். பள்ளிப்பிள்ளைகளின் அடிக்கோலைச் சாய்த்து வைத்து, அதன் மில்லிமீட்டர்க் கோடுகளைப் படமெடுங்கள். லென்சின் துவாரத்தை முழுதாகத் திறந்தால் ஒரு கோடுகூட முழுதாய்த் தெளியாது. அப்பர்ச்சர் எண் எட்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், பதினாறில் இரண்டு. 'அப்படியானால் இருபத்திரண்டுக்குப் போவோம்' என்று பேராசைப்பட்டோம். ஆழம் சற்றுக் கூடியது, ஆனால் படம் முழுவதும் பனிமூட்டம் போல் மங்கியது. மிகச் சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் சிதறிப் பரவும் என்பது இயற்பியல். பள்ளியில் படித்ததுதான், கையால் தொட்டறிந்தது அன்றைக்கு.

ஆகவே கிடைப்பது ஒரு மில்லிமீட்டர். அதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. கல்யாண மேடையில் நாற்பது பேரையும் தெளிவாகக் காட்டிப் பழகியவர்கள் நாங்கள். எவராவது மங்கினால் வீட்டுக்கே வந்து சண்டையிடுவார்கள். இங்கே கண்ணைத் தெளிவாக்கினால் காலை இழக்க வேண்டும். கண்தான் முக்கியம் என்றார் இளையவர். தாடைதான் என்றார் மூத்தவர்; பேத்தி கேட்டது பல்லையல்லவா? இன்றுவரை இவ்வழக்குத் தீரவில்லை.

ஒளியின் பஞ்சமும் உண்டு. உருவம் சம அளவுக்கு வருகையில் உள்ளே சேரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. துவாரத்தையும் சுருக்கினால் விடிகாலை வெளிச்சம் எம்மூலைக்கு? ஃபிளாஷ் இன்றி ஆகாது. ஃபிளாஷை நேரடியாக அடித்தால், பூச்சியின் வழுவழுப்பான ஓட்டில் வெள்ளைத் தழும்பு விழும். பால்நிறப் பிளாஸ்டிக் டப்பா, ட்ரேசிங் தாள், தெர்மாகோல், பழைய வெள்ளை வேட்டித் துண்டு என்று ஒவ்வொன்றாய்க் கட்டிப் பார்த்தோம். பூச்சிக்கு மிக அருகில், அதைவிடப் பலமடங்கு பெரிதாக ஒளித்திரை இருந்தால் வெளிச்சம் மெத்தென்று விழுகிறது. எங்களுக்கு ஒத்துவந்தது ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி.

இவ்விடத்தில் எம்.கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்து 1996-இல் மறைந்த அவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த முன்னோடி. பல கேமராக்களின் உறுப்புகளைத் தாமே சேர்த்துக் கட்டிய பெருங்கருவி ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரிட்டு யானைகளின் முன்னே கொண்டுபோனார். கடைக்கருவியே கதி என்றிராத நம் வட்டாரத்து மனிதர். ஐஸ்கிரீம் மூடிக்கு நாங்களும் பெயரிட நினைத்தோம். மூத்தவர் சொன்ன பெயர் அச்சில் ஏறத் தக்கதன்று.

ஊருக்கு வெளியே, தெரிந்தவர் ஒருவரின் மல்லிகைத் தோட்டம் எங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போகும் மொட்டுகளை அங்கே விடியுமுன் பறித்துவிடுவார்கள். பறிப்பவர்கள் போனதும் நாங்கள் இறங்குவோம். வெயிலேறுமுன் பூச்சிகள் குளிரில் மந்தமாக இருக்கும். பனித்துளியைச் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கும். காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும். ஆடி மாதத்தில் அதுவும் இல்லை. மலைக்கணவாய் வழியே வந்து கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றுக்கு ஒரு மல்லிகைக் கொப்பு எம்மாத்திரம்? ஒரு மில்லிமீட்டர் தெளிவை வைத்துக்கொண்டு, ஒரு சாண் ஆடுகிற கொப்பில் என்ன செய்வது? ஆடியில் நாங்கள் வீட்டிலிருந்தபடி தந்தையாரின் துண்டுகளைப் படமெடுத்தோம். நூலுக்கு நூல் முறுக்குத் தெரிந்தது. பருத்தி நூல் என்பது எத்தனை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பது என்பதை, அதை நெய்தவரின் பிள்ளைகளாகிய நாங்கள் முதுமையை எட்டிய பிறகே கண்டோம்.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். கை நடுங்கும் மூத்தவர் கேமராவைப் பிடிக்கலாகாது, இளையவர் பிடிப்பார். மூத்தவர் பூச்சியைத் தேடிக் கண்டுபிடித்து, ஃபிளாஷையும் மூடியையும் ஏந்துவார். ஃபிளாஷ் ஒளிரும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகையால், ஏந்தும் கை நடுங்கினாலும் படத்தில் அது தெரியாது. முப்பதாண்டு நிலையத்திலும் நாங்கள் இவ்வளவு நெருங்கி நின்று வேலை செய்ததில்லை. ஒருவர் முன்னறையிலும் ஒருவர் இருட்டறையிலுமாய்க் கழிந்த காலம் அது.

ஒரு மார்கழிக் காலையில், தாவும் சிலந்தி ஒன்று இலைமேல் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. வாசகர்கள் பலமுறை சுவரில் கண்டிருப்பார்கள். வலை பின்னிக் காத்திராமல் ஈயின்மேல் பாய்ந்து பிடிக்கும் சிறு சிலந்தி. அதற்குக் கண்கள் எட்டு. முன்னால் இரண்டு பெரிய கண்கள், மோட்டார்வண்டியின் விளக்குகளைப்போல. அவற்றின் லென்சு அசையாது. அதற்குப் பின்னால் நீண்ட குழலும், குழலின் கடைசியில் விழித்திரையும் இருக்கின்றன. தசைகள் அக்குழலையே அசைத்து எதிரிலுள்ளதைத் துருவிப் பார்க்கின்றன. பிரித்தானிய உயிரியலாளர் மைக்கேல் லேண்ட் இதை 1969-இல் விரிவாக எழுதினார். அந்தப் பெரிய கண்கள் மிகக் கூர்மையானவை, ஆனால் அவற்றுக்குத் தெரியும் பரப்பு மிக ஒடுங்கியது. சுற்றிலும் என்ன அசைகிறது என்று உணர்த்துவது மற்றக் கண்களின் வேலை.

இதை மூத்தவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, கேமராவிலிருந்து முகத்தை எடுக்காமலே இளையவர் சொன்னார்: "அண்ணாச்சி, அப்போ இதுவும் என்னைய மாதிரிதான். நேரா உள்ளது மட்டும் நல்லாத் தெரியும்."

மூத்தவருக்கு அது அப்போது விளங்கவில்லை. கண்ணில் அழுத்தம் இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறார் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

இரு வாரம் கழித்து, வாய்க்கால் ஓரமாய் நடந்து வந்த இளையவர், இடப்பக்கம் சரிந்திருந்த கரையைக் காணாமல் கேமராவுடன் விழுந்தார். முழங்கை தேய்ந்தது. லென்சைத் தலைகீழாய் மாட்டியிருந்ததால் அதன் பின்புறம் மண்ணில் புதைந்தது. மூத்தவர் கைகொடுக்க இடப்பக்கமாக வந்தபோது, அந்தக் கை இருப்பதையே இளையவர் பார்க்கவில்லை. அவர் வலப்பக்கமே தேடினார்.

"ஏலே, எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருசமா, அண்ணாச்சி."

"ஏன்ல சொல்லல?"

"சொன்னா கேமராவ வாங்கி வச்சிருவீங்க."

வரப்பில் உட்கார்ந்து லென்சைத் துடைத்துக்கொண்டே நெடுநேரம் பேசாமல் இருந்தோம். கிளாக்கோமா என்னும் நோயில் விழிநரம்பு சிறிது சிறிதாகப் பழுதுபடுகிறது. வலி கிடையாது. பார்வையின் ஓரங்கள் முதலில் போகின்றன. நடுப்பகுதி கடைசிவரை நிற்கலாம். போன இடத்தில் இருட்டு தெரியாது. மூளை ஏதோ ஒன்றால் இட்டு நிரப்பிவிடுவதால், இழந்ததே பலருக்குத் தெரிவதில்லை. போனது திரும்பாது; இருப்பதை மருந்தினாலோ அறுவையினாலோ காக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள், குறிப்பாக வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், கண்ணழுத்தத்தையும் விழிநரம்பையும் சோதித்துக்கொள்வது நல்லது. இதைச் சொல்வது கட்டுரையின் போக்குக்குச் சற்றுப் புறம்பு என்று இளையவர் அடிக்கச் சொன்னார். மூத்தவர் அடிக்க மறுத்துவிட்டார். அவரும் அதன்பின் போய்ச் சோதித்துக்கொண்டார் என்பதால்.

கேமராவை வாங்கி வைக்கவில்லை. இளையவரின் இடப்பக்கம் மூத்தவர் நடப்பது என்று மட்டும் வழக்கமாயிற்று. நெருக்கப் படத்துக்கு வேண்டியது நடுப்பார்வை ஒன்றே. அது அவரிடம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பூச்சி சட்டத்தைவிட்டு ஓர் அடி நகர்ந்தால் அவருக்கு அது உலகத்தைவிட்டே போன மாதிரி. "வலது பக்கம்... கீழே... இலைக்கு அடியில போயிட்டான்" என்று மூத்தவர் சொல்லிக்கொண்டே இருப்பார். சிலந்தியின் பக்கக் கண்கள் செய்யும் வேலை.

தோட்டக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொட்டைத் துளைக்கும் புழுவுக்காக அவர் மருந்து தெளிப்பது வழக்கம். ஒரு நாள், சிவப்பும் கறுப்புமான பூச்சி ஒன்று தன் மூன்று கணுக்கள் கொண்ட ஊசி வாயை ஒரு புழுவின்மேல் பாய்ச்சி உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் படமெடுத்தோம். கொலைகாரப் பூச்சி என்று அதற்குப் பெயர். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் பயிர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இவ்வினப் பூச்சிகளை வளர்த்து, பயிர்ப்புழுக்களை அடக்க எவ்வாறு பயன்படும் என்று நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. அது தெரிந்திருந்ததால் அவரிடம் படத்தைக் காட்டினோம். "இதைத்தான் கண்ட இடத்துல நசுக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர். மருந்தை அவர் விட்டுவிடவில்லை. கடனும் சந்தை விலையும் அவர் பாடு. அந்த இரண்டு வரிசைகளை மட்டும் அன்று தெளிக்காமல் விட்டார். பிறகு நாங்கள் போகும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன அகப்பட்டது?" என்று கேட்டுத் திரையில் குனிந்து பார்ப்பார். எங்களுக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர் என்று அவரைச் சொல்லிக்கொள்கிறோம்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை இளையவரின் பார்வைப் பரப்பை அளக்கிறார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, எங்கோ தோன்றும் சிறு வெளிச்சத்தைக் காணும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சென்ற முறை அளந்ததில் பெரிய மாற்றமில்லை என்றார்கள். அதற்கு முந்தைய முறை சிறிது குறைந்திருந்தது. மூத்தவரின் கை நடுக்கமும் கூடித்தான் வருகிறது. சோற்றுக் கரண்டி இப்போது அவருக்கு ஒத்துழைப்பதில்லை. எனினும் ஒரு காலை, ஃபிளாஷ் எப்படியும் நடுக்கத்தை நிறுத்திவிடுமே என்று வாதிட்டுக் கேமராவை அவர் வாங்கிக்கொண்டார். எறும்பை நோக்கி முன்னும் பின்னும் உடலை அசைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கை தானே அசைத்துக்கொடுத்தது. அறுபது படங்கள் அழுத்தினார். ஒன்றில் தாடை தெளிவாக விழுந்திருந்தது, பல்லோடு. பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அனுப்பிவைத்தோம்.

ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பிறகு கரிசல் மண்ணிலிருந்து தம்பலப்பூச்சிகள் வெளிவரும். குங்குமத்தைப் பட்டில் தோய்த்தாற்போல் சிவந்த அந்த உயிர், சங்கநூல்களில் 'மூதாய்' என்று பெயர் பெற்றது. மேலே நெருங்கிப் பார்த்தால் அந்தப் பட்டு தனித்தனி மயிர்களாய்ப் பிரியும். சென்ற ஆண்டு மழைக்கு மறுநாள், முழங்கால்வரை சேறாகி, ஒன்றின் பின்னே இருவரும் தவழ்ந்தோம். மூடியை ஏந்திய கை நடுங்க, மூத்தவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இடது பக்கம் போறான் தம்பி. இன்னும் இடது. நில்லு, நில்லு. ஒரு கட்டி மேல ஏறுறான். இப்பப் பாரு, நேரா வந்துட்டான்."

"வந்துட்டான், அண்ணாச்சி" என்றார் இளையவர், மூச்சைப் பாதியில் நிறுத்தி.